மோட்டார் நோட்டு

ஏப்ரல் 6, திங்கள்

மாவு புளித்துவிட்டது. தோசைக்கு ஆகாது, ஊத்தப்பத்துக்கு ஆகும் என்று சமாதானம் செய்துகொண்டு கல்லைப் போட்டேன். புள்ளியியல் படித்தவர்களுக்கு இந்தக் கலை கைவந்தது. தரவு கெட்டுப்போனால் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பேராசிரியர் வெங்கடசுப்பன் அறைக்குக் கூப்பிட்டார். "வடிவு, பெர்மனென்ட் போஸ்ட்டுக்கு இன்டர்வியூ மே பன்னெண்டாம் தேதி. உன் பேரைக் குடுத்திருக்கேன். அந்த மூணாம் நிலைப் பேப்பரை வெச்சுக்கிட்டு நீ போய் உக்காந்தா போதும், எவனும் உன்னை அசைக்க முடியாது" என்றார்.

எனக்கு ஏழு ஒப்பந்தங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றும் பதினோரு மாதம். பன்னிரண்டு ஆகிவிட்டால் நிரந்தரம் கேட்டுவிடுவோமாம். அதனால் ஒரு நாள் வெளியே நிறுத்தி, மறுநாள் புது ஆளாக உள்ளே விடுகிறார்கள். இதற்கு எங்கள் நிறுவனத்தில் 'பிரேக்' என்று பெயர். ஒப்பந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் பிரேக். என் அறைக் கதவில் இருக்கும் பெயரும் காகிதம்தான். பிரேக்குக்கு முன்னால் கிழிப்பேன், மறுநாள் புதிதாக ஒட்டுவேன். எனக்கு வேண்டியது ஒரு பித்தளைப் பலகை. 'சு. வடிவுக்கரசி' என்று எழுதி நாலு மூலையிலும் திருகாணி போட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதற்காக நான் நிறையச் செய்வேன்.

ஏப்ரல் 8, புதன்

அம்மா சங்கரன்கோவிலிலிருந்து போன் செய்தாள். "நீ அங்க என்னதான் வேல பாக்கே? பக்கத்து வீட்டுல கேட்டா சொல்லத் தெரியல" என்றாள். சொன்னேன்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுமை தூக்கும் புரதங்கள் இருக்கின்றன. இரண்டு கால், கயிறு போன்ற ஒரு பாதை, முதுகில் மூட்டை. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மோட்டார். அது ஒரு எட்டு வைத்தால் எட்டு நானோமீட்டர் நகரும். (தமிழுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.) இம்மானுவேல் என்று ஓர் ஆராய்ச்சி மாணவன், நாகர்கோவில் பையன், லேசர் ஒளியால் ஒற்றை மோட்டாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அது எப்போது எட்டு வைக்கிறது என்று பதிவு செய்கிறான். அடுத்த எட்டு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் எட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் தற்செயலுக்கும் ஒரு வடிவம் வந்துவிடும். அந்த வடிவத்தைப் பிடிப்பது என் வேலை.

"பஸ்ஸுக்கு நிக்கமாதிரியா?" என்றாள் அம்மா. அதேதான். அரை மணி நேரம் நின்றாயிற்று என்பதற்காக அடுத்த நிமிடம் பஸ் வந்துவிடாது. நாம் காத்திருந்தது பஸ்ஸுக்குத் தெரியாது. ஏழு ஒப்பந்தம் முடிந்ததும் எனக்கு மட்டும்தான் தெரியும், அதுபோல.

மோட்டாருக்கு நடப்பது, அடுத்த எட்டுக்குக் காத்திருப்பது என்று இரண்டு நிலை போதும் என்றுதான் இதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். எங்கள் தரவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சில சமயம் மோட்டார் வெகுநேரம் சும்மா நிற்கிறது, களைப்பாறுவதுபோல. பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல். சோதனை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிடுவதால் சோர்வு என்று பேராசிரியர் விளக்கம் வைத்திருக்கிறார். "அதுக்காவது ரெஸ்ட் இருக்கே" என்றாள் அம்மா.

நான் எழுதிய கணித மாதிரி (மாடல்) தரவோடு அழகாகப் பொருந்துகிறது. ஒரே ஒரு நாளை மட்டும் நீக்க வேண்டியிருந்தது, போன வருடம் ஜூன் 30. அன்று பத்தொன்பது மோட்டார்களில் ஒன்றுகூட ஓய்வெடுக்கவில்லை. நான் அன்று பிரேக்கில் இருந்தேன். கண்ணால் பார்க்காத நாளுக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? 'விலகல்' என்று குறித்து எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் கூடிவிட்டது.

ஏப்ரல் 16, வியாழன்

கீழ்த்தளத்துக் கருவியறைக்குப் போனேன். லேசர் மேசை நான்கு காற்றுக்கால்களின் மேல் மிதக்க வேண்டும், தரையின் அதிர்வு மேலே ஏறக் கூடாது என்பதற்காக. ஒரு காலில் காற்று நிற்பதில்லை. பழுது பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. இம்மானுவேல் அங்கே மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறான், டீக்கடை பெஞ்சுக்குக் கொடுப்பதுபோல.

"அக்கா, மூணாம் நிலைக்கு ஒரு பேரு வெச்சிருக்கேன்" என்றான். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டினான். 'வ-நிலை' என்று இருந்தது.

"அதென்னடே வ?"

"வடிவு நிலையாக்கும். கண்டுபிடிச்சது நீங்கல்லா."

வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பேப்பரை இதழுக்கு அனுப்புமுன் ஒரு தேதியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இம்மானுவேல் கருவிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறான், அட்டையில் 'மோட்டார்' என்று எழுதி. அதைக் கேட்டுப் போன் செய்தேன். அவன் சாப்பிடப் போகிற அவசரத்தில், கட்டடப் பராமரிப்பில் இருக்கும் கஸ்தூரியிடம் "மோட்டார் நோட்டை வடிவு மேடம் மேசையில வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கஸ்தூரி கொண்டுவந்து வைத்தது அவளுடைய மோட்டார் நோட்டை. அதுவும் நீள நோட்டு, அதிலும் அட்டையில் 'மோட்டார்'. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார். ஒரு முறை தொட்டி வழிந்து இயக்குநர் அறை வாசல் நனைந்ததிலிருந்து, போட்ட நேரம் நிறுத்திய நேரம் எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'போட்டது 11.05. நிறுத்தியது 11.40.' 'போட்டது 10.50. கரண்ட் போச்சு. மறுபடி போட்டது 11.10.' கையெழுத்து இம்மானுவேலுடையதைவிட நன்றாக இருந்தது.

வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தைப் புரட்டினேன். இன்னும் சில பக்கங்களைப் புரட்டினேன். அப்புறம் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். இன்று வத்தக்குழம்பு. நன்றாக இருந்தது.

ஏப்ரல் 22, புதன்

விடுப்பு எடுத்து வீட்டுத் திரைச்சீலைகளைத் துவைத்தேன். எல்லாவற்றையும்.

ஏப்ரல் 23, வியாழன்

கஸ்தூரி நோட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். "மேடம், என் நோட்டு இங்க வந்துட்ச்சாமே. ரெண்டு நாளா துண்டுச் சீட்டுல எழுதிக்கினு கீறேன்."

"இன்னும் ஒரு நாள் வச்சுக்கிடட்டுமாக்கா?"

"அதுல இன்னா மேடம் கீது?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அவள் போனபின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்தேன். இம்மானுவேலின் தரவில் மூன்றாம் நிலை மொத்தம் அறுபத்தொரு தடவை வருகிறது. அதில் ஐம்பத்தேழு, கஸ்தூரி தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்துக்குள் விழுகிறது. இது தற்செயலாக நடப்பதற்கான வாய்ப்பு என்ன என்று கணக்கிட்டேன். புள்ளிக்கு அப்புறம் இருபத்தொன்பது பூஜ்யம், அதற்கப்புறம் ஓர் எட்டு.

ஆக, வாய்ப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. முதலாண்டு மாணவர்களுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே இதுதான். புரதம் ஓய்வெடுக்கிற நேரம் பார்த்துக் கஸ்தூரி தண்ணீர் ஏற்றுகிறாளோ என்னவோ.

நேர்காணலுக்குப் புடவை எடுக்க வேண்டும். பச்சையா, சாம்பலா?

மே 4, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. தொட்டியில் தண்ணீர் நிற்பதில்லை என்று கஸ்தூரி இப்போது மோட்டாரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஓடவிடுகிறாள். மூன்றாம் நிலை இரண்டு மடங்கு வருகிறது என்று இம்மானுவேல் குதிக்கிறான். "சூட்டுல அதுக்குக் களைப்பு கூடுது போல அக்கா!" கருவியறையில் நாள் முழுக்க இருபத்தி மூன்று டிகிரி என்பதை அவனுக்கு நான் நினைவுபடுத்தவில்லை.

மாலையில் படிக்கட்டில் கஸ்தூரியைப் பார்த்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அக்கா, போன வருஷம் ஜூன் முப்பது மட்டும் உங்க நோட்டுல இல்லையே. அன்னிக்கு மோட்டார் யார் போட்டா?"

"யாரும் போடல மேடம். அன்னிக்கு எனக்கு பிரேக்கு. உங்களுக்குந்தான? முந்தின நாளே டேங்க ரொப்பி வெச்சிட்டுப் போயிட்டேன். இல்லாங்காட்டி இவங்க அல்லாடிப்புடுவாங்க."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சாம்பல் நிறம்தான் எனக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது.

மே 12, செவ்வாய்

நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது. ஐந்து பேர். கடைசியாக, நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். அறுபது வயது இருக்கும் அந்த அம்மையாருக்கு, கூர்மையானவர். "இந்த நீண்ட ஓய்வுக்கு எது காரணம்? கருவியிலிருந்தோ சூழலிலிருந்தோ வரவில்லை என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?"

நான் தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்றரை நிமிடம் நீளும். அது வாயில் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"மோட்டார்தான் காரணம், மேடம்" என்றேன். "மோட்டாரைத் தவிர வேறெதுவும் இல்லை."

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். "இவ்வளவு தெளிவான பதிலை இன்று யாரும் சொல்லவில்லை" என்றார் தலைவர்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். எந்த மோட்டார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மே 15, வெள்ளி

தேர்வாகிவிட்டேன். ஆணை இரண்டு வாரத்தில் வருமாம்.

பேராசிரியர் மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். இம்மானுவேல் மத்தியானம் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பித்தளைப் பலகை. 'முனைவர் சு. வடிவுக்கரசி.' நாலு மூலையிலும் ஓட்டை, திருகாணிகள் தனியாக ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில். பாரிமுனையில் சொல்லிச் செய்தானாம்.

"ஆர்டர் வந்த அன்னைக்கே மாட்டிரணும் அக்கா. உங்களாலதான எனக்கு மூணாம் அத்தியாயமே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மே 17, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. பலகையைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மே 18, திங்கள்

இம்மானுவேலிடம் சொல்லிவிட்டேன்.

கருவியறையில் அவன் நோட்டையும் கஸ்தூரி நோட்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் இந்த அறைக்கு நேர் கீழே, நிலவறையில் இருக்கிறது. அது ஓடினால் தரை நடுங்கும். காற்று நிற்காத கால் வழியாக நடுக்கம் மேசைக்கு ஏறும். லேசர் இழுவையின் உச்சத்தில் புரத மோட்டார் முன்னே ஓர் எட்டு, பின்னே ஓர் எட்டு என்று ஒரே இடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குட்டி எட்டுகள் நடுக்கத்தில் முங்கிவிடும். எட்டு கண்ணில் படாததால் என் கணித மாதிரி 'நிற்கிறது' என்று எழுதிவிடும். அது நிற்கவேயில்லை. உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தது.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "அந்தக் கட்டைய நான்தான் வெச்சேன்" என்றான் இம்மானுவேல்.

"மாதிரிய எழுதினது நான்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "போன வருஷம் ஜூன் முப்பது நீ எடுத்தியே, அதுதான் இம்மானு நல்ல தரவு. மத்ததெல்லாம் பழுது. நான் அந்த ஒரு நாளைத்தான் தூக்கிப் போட்டேன். இந்த நோட்டு என் கைக்கு வந்து நாலு வாரம் ஆச்சு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "நாலு வாரமா?" என்று மட்டும் கேட்டான். வெட்கத்தில் என் காது சுட்டது. இதை எழுதும்போதும் சுடுகிறது.

பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். "அப்பொ, தண்ணி மோட்டாருக்கா அக்கா நான் உங்க பேர வெச்சேன்?"

நானும் சிரித்தேன். அவன் முதலில் நிறுத்தினான்.

மே 19, செவ்வாய்

பேராசிரியரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்டர்வியூவில என்ன சொன்னே?"

"மோட்டார்தான் காரணம்னு சொன்னேன் சார்."

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. "அப்போ நீ பொய் சொல்லலையேம்மா! ஆர்டர் வரட்டும். பேப்பரை மெதுவா, சத்தமில்லாம நிறுத்திக்கலாம். யார் கேக்கப் போறா?"

ஒரு வாரமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த வாசகம், ஒரு எழுத்து மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தது. கேட்க அசிங்கமாக இருந்தது.

மே 20, புதன்

தேர்வுக் குழுத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நாலு வரி. 'நேர்காணலில் நான் குறிப்பிட்ட மோட்டார், கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். மூன்றாம் நிலை என்று ஒன்று இல்லை. நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டது அப்போதே எனக்குத் தெரியும். இதைக் கண்டுபிடித்தது திருமதி கஸ்தூரியின் நோட்டு.'

அனுப்பியதும் பசித்தது. இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

மே 27, புதன்

பதில் வந்துவிட்டது. என் நேர்மையைப் பாராட்டி இரண்டு வரி. அப்புறம் ஒரு வரி: 'தங்கள் நியமனம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.' எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த மூன்றாம் நிலை இதுதான் போலிருக்கிறது.

பின்குறிப்பாக இன்னொன்று. திருமதி கஸ்தூரி மோட்டார் துறையில் எத்தனை வருடம் ஆய்வு செய்கிறார், கருத்தரங்கில் பேச வருவாரா என்று கேட்டிருந்தார். நாலு வரியைப் படித்தும் எந்த மோட்டார் என்பதில் மனிதர்களுக்கு இவ்வளவு தடுமாற்றம்.

மே 29, வெள்ளி

பதினோரு மாதத்துக்குப் புது ஒப்பந்தம். ஜூன் 2 முதல். எட்டாவது. கதவுக் காகிதத்தைக் கிழித்தேன். பித்தளைப் பலகையை வீட்டுக் கதவிலாவது மாட்டலாம் என்று பார்த்தால், ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.

இம்மானுவேல் மூன்றாம் அத்தியாயத்துக்குப் புதுத் தலைப்பு வைத்திருக்கிறான். பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு. திங்கட்கிழமை வழக்கம்போலத் தரவு எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் உதவித்தொகை மாணவன், அவனுக்குப் பிரேக் கிடையாது.

ஜூன் 1, திங்கள்

பிரேக். பழக்கதோஷத்தில் பத்து மணிக்குக் கிளம்பி வாயிலுக்கு எதிர்க் கடையில் போய் நின்றேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். அங்கே பெஞ்சில் கஸ்தூரி முன்பே உட்கார்ந்திருந்தாள், மடியில் மோட்டார் நோட்டு.

"வூட்ல இருக்க முடில மேடம். டேங்க்ல தண்ணி பத்துமோ பத்தாதோன்னு கீது" என்றாள். கருத்தரங்கு அழைப்பைச் சொன்னேன். "வர்றேன்னு சொல்லுங்க. இன்னா சாப்பாடு?" என்றாள்.

இரண்டு டீ குடித்தோம். பதினொன்று ஐந்துக்கு அவள் கை தன்னால் பேனாவை எடுத்தது. ஒரு கணம் யோசித்துவிட்டு, 'ஜூன் 1. மோட்டார் ஓடல' என்று எழுதித் தேதிக்குக் கீழே கோடு போட்டாள்.

பன்னிரண்டரைக்கு இம்மானுவேல் போன் செய்தான். இரண்டு வாரத்துக்கு அப்புறம் அவன் குரலில் பழைய வேகம் இருந்தது. "அக்கா, இருபத்தி மூணு மோட்டார் பாத்தாச்சு. ஒண்ணுகூட நிக்கல்ல! ஒரு எட்டு விடாம தெளிவா தெரியுது. நாளைக்கு வருவியள்லா?" வருவேன் என்றேன்.

போனில் அவன் கத்தியது கஸ்தூரிக்கும் கேட்டுவிட்டது. பதறிப்போய் எழுந்தாள். "மோட்டார் நிக்கலயா? எவன் மேடம் போட்டான்? டேங்க் ரொம்பி வழியப் போவுது!"

"இது அந்த மோட்டார் இல்லக்கா. உடம்புக்குள்ள ஓடுறது."

"ஓ." உட்கார்ந்தாள். "அது நிக்கவே நிக்காதா?"

"நிக்காதாம். நாங்கதான் நிக்குதுன்னு எழுதி வச்சிருந்தோம்."

"பிரேக்கே கிடையாதா அதுக்கு?"

"கிடையாதுக்கா."

எதிரே மூடியிருந்த வாயில்கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் கஸ்தூரி.

"அப்ப அது பெர்மனென்ட்டு மேடம்" என்றாள்.